சிவப்பில் ஒன்பது பெயர்கள்

ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு சுவிட்சும் ரிலேயும் செய்கிற ஒரு கம்பெனி. அங்கே ஷிப்டு முடிந்து வெளியே போகிற பெண்களைச் சோதனை போடுகிற வேலையில் மாதேஸ்வரி ஒன்பது வருஷம் இருந்தாள். கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. வாசலில் நீலத் திரை, உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி. ஷிப்டுக்கு இருநூற்றுப் பத்துப் பெண்கள். ஆளுக்குப் பத்து நொடி. தோளில் தொடங்கி, அக்குளோரம், இடுப்பு, நாடா, கணுக்கால் என்று கை ஓடி முடியும்போது வாய் "போம்மா" என்று சொல்லியிருக்கும்.

சோதனை எதற்கென்றால், அந்த சுவிட்சுகளுக்குள்ளே மின்சாரம் கடக்கிற இடத்தில் வெள்ளியில் ஒரு சிறு புள்ளி இருக்கும். கடுகில் பாதிகூட இருக்காது. லைனில் உள்ள பெண்கள் அதைப் பொட்டு என்பார்கள். கிண்ணத்தில் கொட்டி வைத்திருப்பதை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அழுத்த வேண்டும். மெட்டல் டிடெக்டர் கொக்கிக்கும் கொலுசுக்கும் கத்துமே தவிர இந்தப் பொட்டுக்குக் கத்தாது. அதனால்தான் கையால் தடவிப் பார்ப்பது.

அப்படித் தடவிப் பார்க்கிற கைக்கு வேறு பல விஷயங்களும் தெரிந்துபோகும். யார் இளைத்துக்கொண்டே போகிறாள், யார் முதுகில் கை பட்டால் துடிக்கிறாள், யார் கழுத்துச் சங்கிலி இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு வந்திருக்கிறது என்பதெல்லாம் மாதேஸ்வரிக்குத் தெரியும். யார் முழுகாமல் இருக்கிறாள் என்பதும் தெரியும். வயிறு தெரிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கை இடுப்பருகே போகும்போது அந்தப் பெண்ணின் கை தானாக முன்னால் வந்து நிற்கும். இல்லையென்றால் அக்குளோரம் லேசாகப் பட்டதற்கே முகம் சுளிப்பாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. காண்ட்ராக்டில் இருக்கிற பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் அடுத்த முறை காண்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். அப்படி ஒரு விதி எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

மாதேஸ்வரியின் ஊர் தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் ராகியும் தக்காளியும் வேலை பார்த்தவர்கள். வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், சந்தையில் தெலுங்கு. பிளஸ் டூ முடித்துவிட்டுத் தட்டச்சும் கம்ப்யூட்டரும் ஆறு மாதம் படித்தாள். கல்யாணம் ஆகி மூக்கண்டப்பள்ளிக்கு வந்தபோது, கணவன் முனிராஜ் வேலை செய்த வார்ப்புப் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி ஆள் எடுத்தது. பேண்ட் போட்டுத் தெருவில் நடக்க முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கேட் ரிஜிஸ்டரில் மற்ற காவலர்கள் பக்கம் முழுக்க 'ஓகே, ஓகே' என்று எழுதிப் போட்டுவிடுவார்கள். மாதேஸ்வரி அப்படி எழுத மாட்டாள். 'தேன்கனிக்கோட்டை பஸ் 22 நிமிஷம் லேட், சானமாவு காட்டுல ஆனை' என்று எழுதுவாள். 'இரண்டாம் லைன் பொண்ணுங்க நாலு பேருக்குத் தலைசுத்தல், ஏசி ரிப்பேர்' என்று எழுதுவாள். யாரும் அதைப் படித்ததில்லை. போன ஆகஸ்டில் ராஜசேகர் வந்துதான் படித்தார்.

ராஜசேகர் புதிதாக வந்த பாதுகாப்பு மேலாளர். திருச்சிக்காரர், நாற்பத்தைந்து வயது. பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் இடர் கணக்கிடும் பிரிவில் பத்து வருஷம் இருந்தவர். அவரை அனுப்பியதற்குக் காரணம் பொட்டு. ஜூன் மாதத்திலிருந்து வெள்ளிப் பொட்டு குறைந்துகொண்டே வந்தது. மாதக் கடைசியில் எடை போட்டால் ஒரு பங்கு காணவில்லை. தலைமை அலுவலகம் பயந்துவிட்டது.

அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. காவலர்கள் எல்லோரையும் நீங்க என்றுதான் பேசுவார். மதியம் தயிர்சாத டப்பாவோடு மேசையிலேயே உட்கார்ந்து பழைய ரிஜிஸ்டர்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் மாதேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"இது உங்க எழுத்தா?"

"ஆமாங்க சார்."

"மூணு வருஷ ரிஜிஸ்டர் பாத்தேன். இதுல மட்டும்தான் ஏதாவது தெரியுது. கேமரா நடந்ததைக் காட்டும் மாதேஸ்வரி. தகவலைச் சரியா சேத்து வச்சா நடக்கப் போறதைக் காட்டும். கண்ட்ரோல் ரூமுக்கு வர்றீங்களா?"

செப்டம்பர் நடுவில் அவள் திரைக்குப் பின்னாலிருந்து மூன்று கம்ப்யூட்டர் திரைகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கம்பெனி ஒரு மென்பொருள் வாங்கியிருந்தது. யார் எந்தக் கதவில் எப்போது கார்டு காட்டினார்கள், எந்தப் பஸ் எப்போது வந்தது, எந்தக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது, எந்த எச்சரிக்கை மணி எப்போது அடித்தது என்று எல்லாம் அதற்குள் போய்ச் சேரும். அது சேர்த்துப் பார்த்து ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு மதிப்பெண் போடும். பச்சை, மஞ்சள், சிவப்பு.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. மூன்றாவது வாரத்திலேயே பின்பக்கத் தீயணைப்புக் கதவு செவ்வாய்க்கிழமை தோறும் பதினோரு மணிக்குத் திறப்பதைக் கண்டுபிடித்தாள். போய்ப் பார்த்தால், லோடு ஏற்ற வருகிறவர்கள் அங்கே நின்று பீடி குடிக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில், பொறி பட்டாலே பற்றிக்கொள்கிற தின்னர் டிரம்கள். அன்றே டிரம்களை இடம் மாற்றினார்கள். ராஜசேகர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அவள் பெயரைப் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தை அவள் போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஒரு ஆளைத் தொட்டுத் தெரிந்துகொண்டு பழகியவளுக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்தே இருநூறு பேரின் நாளைப் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது.

நவம்பர் நடுவில் ஒருநாள் ராஜசேகர் ஒரு பட்டியலைத் திரையில் திறந்து காட்டினார். ஒன்பது பெயர்கள், எல்லாம் சிவப்பு. ஒன்பதும் பொட்டு வைக்கிற லைனில் வேலை பார்க்கிற பெண்கள்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"எப்படிப்பட்டவங்க?"

"நல்ல பொண்ணுங்கதான் சார்."

"அதை எல்லாருமே சொல்வாங்க. இதைப் பாருங்க. மத்தவங்க ஷிப்டுல மூணு தடவை ஹாலை விட்டு வெளிய போறாங்க. இவங்க எட்டு, பத்து. அதுவும் கிண்ணத்துல பொட்டு நிரப்பின அரைமணி நேரத்துக்குள்ள. ரெஸ்ட் ரூம் பக்கம் கேமரா கிடையாது. என்ன நினைக்கிறீங்க?"

மாதேஸ்வரி பெயர்களைப் படித்தாள். ஒன்பதில் நான்கு பேர் முழுகாமல் இருப்பவர்கள். ஒருத்திக்கு சிறுநீரகத்தில் கல். மீதி நான்கு பேரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான்காவது பெயர் ரூபா. இருபத்துநாலு வயது, தேன்கனிக்கோட்டையில் கணவனோடு ஒற்றை அறையில் குடியிருந்து, கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான். ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. சுடிதாருக்கு மேல் பெரிய ஓவர்கோட்டாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு மறைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க, 'நேரில் கண்டது'ன்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார் ராஜசேகர். "நீங்க ஒன்பது வருஷமா இவங்களைச் சோதனை போட்டவங்க. ஏதாவது காரணம் தெரிஞ்சா இதுல போடுங்க. காரணம் இருந்தா சிவப்பு குறைஞ்சிடும்."

"இதை யாரெல்லாம் பாப்பாங்க சார்?"

"நான் பாப்பேன். ஹெட் ஆபீஸ் பாக்கும். எச்.ஆர். பாக்கும்."

காண்ட்ராக்டைப் புதுப்பிப்பதும் நிறுத்துவதும் எச்.ஆர்.தான். அந்தப் பெயரைக் கேட்டதே அவளுக்குப் போதும்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க சார்," என்றாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, ஒன்பது பேரில் காண்ட்ராக்டு அந்த மாதத்தோடு முடிகிற மூன்று பேரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திருட்டு என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் பட்டியல் இருக்கிற விஷயம் எப்படியோ லைனுக்குப் போயிருந்தது. லைனிலிருந்து பஸ்ஸுக்குப் போனது. மூன்று பேரில் ரூபாவும் ஒருத்தி. அன்றைக்கு அவள் கேட்டைத் தாண்டிப் போவதை மாதேஸ்வரி திரையில் பார்த்தாள். கார்டைக் காட்டினாள், விளக்கு பச்சையாக எரிந்தது, காவலர் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் முனிராஜிடம் சொன்னாள். அவன் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லியிருந்தா நின்னிருக்குமா?" என்று கேட்டான்.

"எங்க நிக்கும். மாசமா இருக்கறான்னு தெரிஞ்சாலும் அனுப்பத்தான் போறாங்க. எப்படியும் வேலை போயிருக்கும்."

"வேலை போறது ஒண்ணுதான். பேரு போறது வேறயில்ல?"

அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். ஆனால் அந்தப் பேச்சு அவளோடு நின்றுவிட்டது. தான் வாயை மூடிக்கொண்டது அந்தப் பெண்ணுக்கு உதவி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் மாதக் கணக்கு வந்தது. நவம்பரிலும் பொட்டு குறைந்திருந்தது. மூன்று பேர் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தும் குறைவு கொஞ்சமும் இறங்கவில்லை. ராஜசேகர் இதைப் பார்த்துவிட்டு, "அப்ப மீதி ஆறு பேர்ல இருக்கணும்," என்றார். அந்த ஆறு பேரில் மூன்று பேருக்கு ஜனவரியில் காண்ட்ராக்டு முடிகிறது என்பதை மாதேஸ்வரி ஏற்கனவே பார்த்து வைத்திருந்தாள்.

அன்று மதியம் அவள் ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோரில் தமிழரசன் என்று ஒருவர். தினமும் ஷிப்டு முடியும்போது கிண்ணங்களில் மிச்சமுள்ள பொட்டை எடை போட்டு, செய்த சுவிட்சுகளின் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்ப்பது அவர் வேலை.

"அண்ணா, மாசக் கணக்குதான் மேல வருது. தினக் கணக்கு உங்ககிட்ட இருக்குமா?"

"நோட்ல இருக்கு. யாரும் கேக்கறதில்ல. மொத்தத்தை மட்டும்தான் கேப்பாங்க."

"எனக்குக் குடுங்களேன். ரெண்டு நாள்ல திருப்பித் தர்றன்."

நோட்டில் ஏப்ரலிலிருந்து தினமும் எழுதியிருந்தது. மாதேஸ்வரி அதை மூன்று நாள் மதிய இடைவேளைகளில் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பக்கத்தில் ஒன்பது பெண்களும் விடுப்பு எடுத்த நாட்களைப் போட்டாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். ஒருத்தி எடுக்கிறாள் என்றால், அவள் வராத நாளில் குறையக்கூடாது. அக்டோபரில் ரூபா காய்ச்சல் என்று சொல்லிப் பதினோரு நாள் வரவில்லை. அந்தப் பதினோரு நாளில் மொத்தமாகக் குறைந்தது, அவள் வந்த நாட்களில் குறைந்த அளவேதான். அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர் என்று ஒன்பதையும் பார்த்தாள். எவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொட்டு ஒரே மாதிரிதான் குறைந்தது.

கிண்ணம் நிரப்புகிற நேரம் என்ன என்பதையும் பார்த்தாள். டீ இடைவேளை முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் நிரப்புகிறார்கள். டீ குடித்த அரைமணி நேரத்தில் எழுந்து போகிறவளை ஏன் போகிறாள் என்று கேட்க மென்பொருளுக்குத் தெரியவில்லை. மாதேஸ்வரிக்குக் காரணம் தெரிந்திருந்தது, சொல்லவில்லை. அதை நினைத்தபோது திரையை விட்டு எழுந்து கொஞ்ச நேரம் வராந்தாவில் நின்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. ஆட்களை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நாட்களை வைத்துப் பார்த்தால் தெரிந்தது. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய நாட்களில் குறைவு ஏறக்குறைய இல்லை. புதனும் சனியும்தான் விழுந்தது. அதுவும் ஜூனிலிருந்துதான். ஏப்ரல், மே மாதங்களில் எல்லாக் கிழமையும் ஒன்றுபோல இருந்தது.

புதன் சனியில் லைனில் என்ன நடக்கிறது என்று கதவுப் பதிவுகளில் தேடினாள். அந்த இரண்டு நாளும் மதியம் இரண்டரைக்கு ஒரு கார்டு ஹாலுக்குள் போய் மூன்றே காலுக்கு வெளியே வந்தது. துப்புரவுப் பணியாளர் சென்னம்மாவின் கார்டு.

சென்னம்மா ஐம்பது வயதுக்காரி, பாகலூர் பக்கம். மாதேஸ்வரி அவளிடம் தெலுங்கில்தான் பேசுவாள். சென்னம்மா பயந்துவிடக்கூடாது என்று முதலில் வீட்டு விஷயம் பேசினாள். பிறகு கேட்டாள்.

"ஹாலுக்குள்ள புதன் சனி என்ன செய்யறீங்க?"

"தூசு உறிஞ்சற மெஷின் போடறன். மே கடைசியில வாங்கினாங்கல்ல. வெளிநாட்டுக்காரங்க பாக்க வர்றாங்க, தொடப்பம் போட்டா தூசு பறக்கும்னு சொன்னாங்க."

"மத்த நாளு?"

"மத்த நாளு அந்தப் பொண்ணுங்களே பிரஷ்ஷால கூட்டிடுவாங்க. கூட்டினதை சல்லடையில சலிச்சுப் பொட்டை எடுத்துக் கிண்ணத்துல போட்டுடுவாங்க. மெஷின் நாள்ல நான் வர்றன்னு கூட்ட மாட்டாங்க."

"மெஷின் உறிஞ்சினது எங்க போகுது?"

"பையில. பை நெறஞ்சா குப்பை மூட்டையில கொட்டிடுவன். லாரி வந்து எடுத்துட்டுப் போயிடும்."

சென்னம்மா சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் மாறியது. "என்மேல வருமா?" என்று கேட்டாள்.

"உங்கமேல வராது. அந்தப் பையை மட்டும் எனக்குக் காட்டுங்க."

பாதி நிறைந்த பையை இருவரும் கழிவுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கொட்டினார்கள். நூலும் முடியும் சாம்பல் நிறத் தூசியுமாக இருந்தது. சென்னம்மா ராகி கழுவுகிற மாதிரி தண்ணீர் விட்டு, சுழற்றி, மேலே மிதந்ததை ஊற்றினாள். மூன்றாவது தண்ணீரில் தட்டின் அடியில் ஒரு பக்கமாகப் பொட்டுகள் ஒதுங்கி நின்றன. கைநிறைய அள்ளலாம் போல இருந்தது.

தட்டை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு போய் ராஜசேகர் மேசையில் வைத்தாள். கூடவே தினக் கணக்கையும் விடுப்புக் கணக்கையும் தாளில் எடுத்து வைத்தாள். அவர் முதலில் தாளைத்தான் படித்தார். பிறகு தட்டைப் பார்த்தார். ஒரு பொட்டை விரல் நுனியில் ஒட்டி எடுத்துப் பார்த்தார்.

"ரெண்டு வாரம் பாத்துடுவோம்," என்றார் கடைசியில். "மெஷின் வேணாம். பழையபடி கூட்டி சலிக்கட்டும்."

இரண்டு வாரமும் பொட்டு குறையவில்லை. ராஜசேகர் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினார். தகவல் ஆய்வின் மூலம் உற்பத்தி முறையில் இருந்த இழப்பு கண்டறியப்பட்டு நிறுத்தப்பட்டது என்று அதில் இருந்தது. மாதேஸ்வரியின் பெயரும் இருந்தது. இந்த முறை அவள் படம் எடுக்கவில்லை.

"சார், அந்த மூணு பேரு?"

"அவங்க காண்ட்ராக்டு முடிஞ்சு போனவங்க. நாம யாரையும் திருடின்னு சொல்லலையே."

"பஸ்ஸுல சொல்றாங்க சார். ஆள் எடுக்கற ஏஜென்ட்டும் நம்ம பட்டியலை வச்சிருக்கறாரு. ரூபா இன்னொரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போயிருக்கறா. பேரைப் பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டாங்களாம்."

ராஜசேகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். போனவர்களின் மதிப்பெண்ணை மாற்ற அந்த மென்பொருளில் வழியில்லை என்றார். அது உண்மைதான், மாதேஸ்வரியும் தேடிப் பார்த்திருந்தாள். "ஒரு கடிதம் குடுங்க சார்," என்றாள். அதற்கு எச்.ஆரைக் கேட்க வேண்டும் என்றார். நான்கு நாள் விட்டு மறுபடி கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். டிசம்பர் கடைசியில் மூன்று பேருக்கும் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. ஒப்பந்தக் காலத்தில் இவர்மீது பாதகமான குறிப்பு எதுவும் எங்கள் பதிவுகளில் இல்லை என்று சொன்னது. மூன்று வரியில் அவ்வளவுதான் இருந்தது. மற்ற இருவரும் வெளி மாவட்டத்துக்காரர்கள். அவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். ரூபாவின் கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக மாதேஸ்வரி வாங்கிக்கொண்டாள்.

ரூபா தேன்கனிக்கோட்டை அறையைக் காலி செய்துவிட்டு, நாட்றாம்பாளையத்தில் கணவனின் வீட்டுக்குப் போயிருந்தாள். மாதேஸ்வரி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினாள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று பஸ் மாறி, மலைப்பாதையில் ஏறி இறங்கி, போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. ரூபாவின் மாமியார் நஞ்சம்மா களத்தில் அவரைக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் பிரகாஷ் வீட்டில் இருந்தான். ரூபா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சிரிக்கவில்லை. வயிறு இப்போது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது.

"கம்பெனியில இருந்து கடிதம் கொண்டாந்திருக்கறன்," என்று கன்னடத்தில் சொன்னாள் மாதேஸ்வரி.

நஞ்சம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "வெள்ளி எடுத்துட்டான்னு பஸ்ஸுல ஊர் பூராவும் சொல்லிட்டாங்க. இப்ப என்னா கடிதம்? படி பாக்கலாம்."

மாதேஸ்வரி தாளைப் பிரித்தாள். ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே கன்னடத்தில் படித்தாள். இந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை. பொட்டு காணாமல் போனது கம்பெனி வாங்கிய ஒரு மெஷினால். அதைக் கண்டுபிடித்தாகிவிட்டது. இவள்மேல் சந்தேகப்பட்டது கம்பெனியின் தப்பு, அதற்காக வருத்தப்படுகிறோம்.

"எங்க அப்படி எழுதியிருக்குது?" என்றாள் நஞ்சம்மா.

மாதேஸ்வரி இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். பிரகாஷ் எட்டிப் பார்த்தான். அவன் பத்தாவது வரை படித்தவன். அந்த வரியை உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தான். பிறகு மாதேஸ்வரியின் முகத்தைப் பார்த்தான். "ஆமா, அப்படித்தான் இருக்குது," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நஞ்சம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். சாப்பிடும்போதே, அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டு நஞ்சம்மா களத்தில் இந்த விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பது உள்ளே கேட்டது.

பஸ் நிற்கிற இடம்வரை ரூபா கூட வந்தாள். பாதி தூரம் போனதும் கேட்டாள்.

"நான் மாசமா இருந்தது உங்களுக்கு அப்பவே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஆகஸ்ட் கடைசியில."

"எனக்கே செப்டம்பர்லதான் தெரியும்," என்றாள் ரூபா. நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்ப ஏன் நீங்க சொல்லலை? அதனாலதான் அடிக்கடி போறான்னு."

"சொன்னா அதுக்கே அனுப்பியிருப்பாங்க ரூபா. அதான் நான் வாயைத் தெறக்கலை."

"அனுப்பியிருக்கட்டும். கொழந்தை பொறக்கப்போகுதுன்னு வேலையை விட்டு வர்றது ஒண்ணும் அசிங்கமில்ல. ஊர்ல எத்தனை பேரு வந்திருக்கறாங்க. நான் ஒரு மாசம் இந்த வூட்டுல தலை நிமிராம இருந்தன்."

ரூபா மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

"சொல்றதும் சொல்லாததும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்தான்," என்றாள் மாதேஸ்வரி. பஸ் வந்தது. ரூபா கண்டக்டரிடம், "அஞ்செட்டியில தேன்கனிக்கோட்டை பஸ்ஸை நிறுத்திப் புடிச்சுக் குடுங்கண்ணா, இருட்டறதுக்குள்ள போவணும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஜனவரி முதல் வாரம் மாதேஸ்வரி ராஜசேகரிடம் இரண்டு விஷயம் கேட்டாள். ஹாலை விட்டு வெளியே போகிற எண்ணிக்கையைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்று. தலைமை அலுவலகம் அதை எடுக்கவில்லை, பாதியாகக் குறைத்தது. ஒரு பெயர் சிவப்பானால் மேலே அனுப்புவதற்கு முன்னால் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், என்ன எழுதலாம் எதை எழுதக்கூடாது என்று அந்த ஆளே சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. ராஜசேகர் யோசித்தார். "வேலை கூடும்," என்றார். "கூடட்டும் சார்," என்றாள். அதற்கு அவர் யார் அனுமதியும் கேட்கவில்லை. தன் மேசையிலிருந்தே உத்தரவு போட்டார்.

அந்த மாதம் சிவப்பில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒருத்தி சிறுநீரகக் கல் பெண். எழுதிக்கொள்ளுங்கள் என்று உடனே சொன்னாள், ஆஸ்பத்திரிச் சீட்டையும் காட்டினாள். இன்னொருத்தி கேண்டீனில் எதிரே உட்கார்ந்து, கேள்வியைக் கேட்டதும் பத்து நிமிஷம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரணத்தைச் சொன்னாள், எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். 'விசாரித்தேன், காரணம் உள்ளது' என்று மட்டும் மாதேஸ்வரி போட்டாள். என்ன காரணம் என்று மேலிருந்து இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் ராஜசேகரே பதில் எழுதிச் சமாளித்தார்.

பொட்டு இப்போது குறைவதில்லை. தூசு உறிஞ்சுகிற மெஷினை கேண்டீனுக்கு மாற்றிவிட்டார்கள். மாதேஸ்வரி இன்னும் ஏஜென்சி ஆளாகத்தான் இருக்கிறாள். கம்பெனி அடையாள அட்டை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ரூபாவுக்கு ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்ததாகத் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வருகிற ஒருத்தி சொன்னாள். ஆடி கழிந்து சூளகிரி பக்கம் ஒரு கம்பெனியில் சேரப் போகிறாளாம், அங்கே அந்தக் கடிதத்தைக் காட்டியதும் எடுத்துக்கொண்டார்களாம். மாதேஸ்வரி குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். ரூபா போன் செய்யவில்லை. செய்வாள் என்று மாதேஸ்வரியும் நினைத்திருக்கவில்லை. சட்டை போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் அடுத்த வாரம் விசாரித்தாள். சேர்ந்துவிட்டது, அளவு சரியாக இருக்கிறது என்றார்கள்.